கிருலப்பனைக்கு எருமை கொண்டுபோன கதை

இப்போதெல்லாம் வயலைப் பார்க்க வயலுக்குப் போக வேண்டியதில்லையாம். அண்மையில் ஒரு கலியாண வீட்டில் சந்தித்த இளம் உத்தியோகத்தர் ஒருவர் சொன்னார். நான் வேலை செய்து ஓய்வு பெற்ற அதே திணைக்களத்தில் அவர் இப்போது இருக்கிறார். ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தைக் கணினியில் விரித்தால் எது நெல், எது புல், எது நிரப்பிய மண் என்று நிறத்திலேயே தெரிந்துவிடுமாம்.

"ஐயா, உங்கட காலத்தில எப்பிடிப் பாத்தனீங்கள்?" என்று கேட்டார்.

"காலால பாத்தனாங்கள்" என்றேன்.

பகிடி என்று நினைத்துச் சிரித்தார். அதற்குள் பந்தியில் பாயசம் வந்துவிட்டதால் விளக்கம் சொல்ல முடியவில்லை. அங்கே விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன். என் ஊர் யாழ்ப்பாணத்தில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பேர்போன பகுதி. விவசாயப் பாடசாலையில் படித்ததில் பெரும்பகுதி மறந்துவிட்டது. பூச்சிகளின் லத்தீன் பெயர்கள் மட்டும் எதற்கோ நினைவில் நிற்கின்றன. முதல் நியமனம் வன்னியில். சண்டை முற்றியபோது மனைவி தவமணியையும் சில பெட்டிகளையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்தேன். திணைக்களம் இரக்கப்பட்டு இடமாற்றம் தந்தது.

கொழும்பில் விவசாயப் போதனாசிரியர் என்றால் மலையுச்சி நுவரெலியாவில் கலங்கரை விளக்கக் காவலாளி என்பது போல. வெள்ளவத்தையில் வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடமெல்லாம் என்ன உத்தியோகம் என்று கேட்பார்கள். சொன்னதும், "இஞ்ச என்னத்தைப் போதிக்கிறீர்?" என்பார்கள்.

அவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. வெள்ளவத்தைச் சந்தையில் அவர்கள் காலையில் வாங்கிய கங்குன் கீரையும் வல்லாரையும் பொன்னாங்காணியும் மலைநாட்டிலிருந்து வந்தவை அல்ல. கிருலப்பனைக் கால்வாயைத் தாண்டினால் பழைய வயல்கள் கிடந்தன. கீரை அங்கே விடிகாலையில் வெட்டப்பட்டு, ஈரச் சாக்கில் சுற்றி, சைக்கிளில் வந்து சேரும். நகரத்துக்குள்ளேயே ஒரு தோட்டம் இருந்து நகரத்துக்குக் கீரை பரிமாறிக்கொண்டிருந்தது. அதைச் சாப்பிட்டவர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை.

பார்த்தவர்கள் கட்டடம் கட்டுபவர்கள். வயல் சாகும் விதம் எப்போதும் ஒன்றுதான். முதலில் ஒரு மூலையில் இடிந்த செங்கல் ஒரு லொறி கொட்டப்படும். பிறகு அதன்மேல் புல் முளைக்கும். பிறகு நுளம்பு பெருகிக் கடிப்பதாக அயலவர் பெயரில் முறைப்பாடு வரும். கடைசியில் "பயிரற்ற சதுப்புநிலத்தை நிரப்ப அனுமதி கோரல்" என்று ஒரு விண்ணப்பம் எங்கள் கந்தோருக்கு வரும். நேரில் போய்ப் பார்த்து, அது சதுப்பா வயலா என்று சொல்வதுதான் எங்கள் வேலை.

தீர்ப்புச் சொல்பவர் என் மேலதிகாரி குணதிலக்க மாத்தையா; சிங்களத்தில் மாத்தையா என்றால் ஐயா. குருநாகல் பக்கத்துக்காரர், உயரமான, மெலிந்த மனிதர். கந்தோரில் உட்கார்ந்து அவர் எதையும் தீர்மானித்து நான் கண்டதில்லை. கோப்பைக் கொண்டுபோனால் திறக்காமலே மேலே ஒரு தட்டுத் தட்டி, "போய்ப் பார்ப்போம்" என்பார். போய்ப் பார்ப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார். ஜீப்பை விட்டு இறங்கியதும் சப்பாத்தைக் கழற்றுவார். காலுறையைச் சுருட்டிச் சப்பாத்துக்குள் வைப்பார். காற்சட்டையை முழங்கால் வரை மடிப்பார். மடிப்பு இரண்டு காலிலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவிழ்த்து மறுபடி மடிப்பார். பிறகு விண்ணப்பதாரரைக் கும்பிட்டு, அவர் காட்டும் கதிரையையும் தேநீரையும் மரியாதையாக மறுத்துவிட்டு, வயலின் மிகத் தாழ்ந்த மூலைக்கு நேரே நடப்பார். பேச வேண்டியவர்கள் எல்லோரும் பின்னால் வரவேண்டும். வரம்பில் அல்ல, சேற்றில்.

அங்கே நின்று கேட்பார்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, போக வழியில்லாவிட்டால் யாருடைய வீட்டுக்குள் போகும். பதில் சொல்பவரின் முகத்தைப் பார்க்கமாட்டார், தண்ணீரைத்தான் பார்ப்பார். அதன்பின் என் முறை. இரும்புத் துளைப்பான் ஒன்றை நிலத்தில் திருகி இறக்கி, ஆழத்து மண்ணைக் குழல் போல வெளியே எடுத்து வாழையிலையில் கிடத்த வேண்டும். மேலே கல்லும் கீழே கறுப்புக் களியும் என்றால் யாரோ களவாக நிரப்பியிருக்கிறார்கள். களி மேல்வரை வந்தால் வயல் உயிரோடு இருக்கிறது. குணதிலக்க மாத்தையா அதை ஒடித்து மூக்கருகே பிடித்து மணந்து பார்ப்பார். பிறகு தன் ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி, சட்டைப் பையிலிருந்து கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கடித்து, குடித்து முடியும்வரை வாய் திறக்கமாட்டார்.

ஏன் எல்லோரையும் சேற்றில் நிறுத்துகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"கதிரையில் இருப்பவன் மத்தியானம் வரை பொய் சொல்லுவான், மிஸ்டர் சிவநாதன். சேற்றில் நிற்பவன் சீக்கிரம் வீட்டுக்குப் போகப் பார்ப்பான். ஹரித?"

ஹரித என்றால் சிங்களத்தில் 'சரியா' என்று அர்த்தம். எந்த அறிவுறுத்தலையும் அவர் அப்படித்தான் முடிப்பார். பதிலை எதிர்பார்க்கும் கேள்வி அல்ல அது.

அவரோடு ஜீப்பில் போகும்போது எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. தனியாகப் போகும் நாட்களில் அந்த இரும்புத் துளைப்பான் என் உயிரை எடுத்தது. கிருலப்பனைப் பாலத்தடியில் அப்போது இராணுவக் காவலரண் ஒன்று இருந்தது. பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்குவார்கள். சாக்கில் சுற்றிய நீண்ட இரும்போடு, யாழ்ப்பாணத்தில் பிறந்ததாக அடையாள அட்டை சொல்லும் ஒருவன் இறங்கினால் என்ன நடக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. அங்கே பொறுப்பாக இருந்தவர் கோப்ரல் பண்டார. அடர்த்தியான மீசை, தூக்கம் போதாத கண்கள்.

"இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"மண் எடுக்கிறது."

"மண் எதற்கு?"

"கீழே சேறா இல்லையா என்று பார்க்க."

அவர் பாலத்தின் ஓரத்துக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "சேறுதான். பார்த்துவிட்டேன். நீங்கள் திரும்பிப் போகலாம்."

கந்தோர் அட்டை, பொலிஸ் பதிவு, குணதிலக்க மாத்தையாவின் கடிதம் எல்லாவற்றையும் காட்டிய பிறகுதான் விட்டார். அடுத்த தடவையும் அதே கேள்வி, அதே பதில். பிறகு பிறகு அவருக்கே அலுத்து, தூரத்தில் என்னைக் கண்டதும், "சேறு இன்னும் அங்கேதான் இருக்கிறது" என்று சொல்லிக் கையைக் காட்டத் தொடங்கினார்.

அந்த நாட்களில் நாங்கள் வெள்ளவத்தையில் கால்வாய்க்கரை ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் பின்பக்க அறைகளில் வாடகைக்கு இருந்தோம். மழை பெய்தால் கால்வாய் எழும்பிக் கதவடியால் உள்ளே வரும். கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்திருந்தோம். தவமணியின் அண்ணன் கனடாவில். தங்கச்சி தண்ணீரில் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு, ஒரு ஃபிளாட் எடுங்கள், உதவி செய்கிறேன் என்று சொல்லியிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சனம் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறைக்குள் அறையாக நெருக்கியடித்துக் கிடந்த காலம் அது. ஃபிளாட் கட்டுபவர்களுக்கு நல்ல மவுசு.

ஒருநாள் ஏகாம்பரம் என்ற கட்டட முதலாளி படங்களோடு வீட்டுக்கே வந்தார். வெள்ளைச் சட்டை, விபூதி, இனிய பேச்சு. அவருடைய சொந்த வீடும் ஊரில் குண்டு விழுந்து போனதுதான். படத்தில் நாலு மாடிக் கட்டடம், முன்னால் தென்னை, தென்னையடியில் ஒரு கார். தவமணி நாலாம் மாடியின் மேற்குப் பக்க ஜன்னலில் விரலை வைத்தவள் எடுக்கவேயில்லை.

அடுத்த கிழமை கந்தோரில் ஒரு கோப்பு வந்தது. பயிரற்ற சதுப்புநிலத்தை நிரப்ப அனுமதி கோரல். விண்ணப்பதாரர் ஏகாம்பரம். இடம் கால்வாய்க்கு அந்தப் பக்கத்து வயல். காணிச் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தார். நிரப்ப அனுமதி கிடைத்தால்தான் விற்பனை என்று அவர்களுக்குள் பேச்சு. அன்று வீட்டுக்குப் போய் மெதுவாகச் சொன்னேன்.

"தவமணி, அந்த ஃபிளாட் வரப்போற இடம் வயல்."

"ஆர் சொன்னது?"

"கோப்பு சொல்லுது."

"கோப்பு தண்ணிக்குள்ள படுக்கிறதே? நானெல்லே படுக்கிறன்."

"அதைத்தான் சொல்லுறன். அந்த வயலை நிரப்பினால் அங்க நிக்கிற மழைத்தண்ணி முழுக்கக் கால்வாய்க்குள்ள இறங்கும். பிறகு இந்த ஒழுங்கைக்குத்தான் ஏறும்."

"ஏறட்டுமன். நாங்கள் அப்ப நாலாம் மாடியில இருப்பம்தானே."

நான் குனிந்து கட்டில் காலின் செங்கல்லைச் சரிசெய்தேன்.

மறுநாள் காலையில் குணதிலக்க மாத்தையாவிடம் போய், இந்தக் கோப்பில் நான் இருப்பது சரியில்லை, அந்தக் கட்டடத்தில் என் வீட்டில் ஃபிளாட் கேட்டிருக்கிறார்கள் என்றேன்.

"கேட்டது நீங்களா, மனைவியா?"

"மனைவி."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"அது வயல் என்றேன்."

அவர் கோப்பின் மேலே ஒரு தட்டுத் தட்டினார். "அப்படியானால் உங்களுக்கு இதில் இலாபம் ஒன்றும் இல்லை, மிஸ்டர் சிவநாதன். தொல்லைதான். தீர்ப்பு என்னுடையது. நீங்கள் துளைப்பானைக் கொண்டு வாருங்கள். ஹரித?"

விசாரணை நாளன்று ஏகாம்பரம் ஒரு சட்டத்தரணியோடு வந்திருந்தார். சட்டத்தரணியின் சப்பாத்து பளபளவென்று இருந்தது. மறுபக்கத்தில் அந்த வயலில் கீரை போடும் சில குடும்பங்கள். அவர்களுக்காகப் பேசியவர் முத்தம்மா. மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்து, புருஷன் போன பிறகும் பாத்திகளை விடாமல் செய்தவர். காலையில் வெள்ளவத்தைச் சந்தை வாசலில் அவருடைய கூடை இல்லாத நாள் கிடையாது.

குணதிலக்க மாத்தையா மடிப்பைச் சரிபார்த்து, தாழ்ந்த மூலைக்கு நடந்தார். சட்டத்தரணி வரம்பிலேயே நின்று பேசப் பார்த்தார். "இங்கே வாருங்கள், எனக்குக் கொஞ்சம் காது மந்தம்" என்றார் மாத்தையா. அவருக்குக் காதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

சட்டத்தரணி இறங்கினார். ஒரு சப்பாத்து உள்ளேயே தங்கிவிட்டது. ஆனால் சிங்களத்தில் அவர் வைத்த வாதம் திறமானது. "சட்டப்படி இது நெல் வயல். ஆனால் பல போகமாக நெல் இல்லை. ஆகவே கைவிடப்பட்ட நிலம். இங்கே நிற்பது கங்குன். அது தண்ணீரில் தானாக வளரும் களை. இல்லை, பயிர்தான் என்று சொன்னால், நெல் வயலில் அனுமதியில்லாமல் வேறு பயிர் செய்தது குற்றம். எப்படிப் பார்த்தாலும் இவர்களுக்கு இங்கே இடமில்லை."

நான் முத்தம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் சட்டத்தரணியை ஏற இறங்கப் பார்த்தார்.

"தானா வளருதாமா சார்? அப்ப என் முதுகு ஏன் இப்படி வளைஞ்சு கெடக்குன்னு கேளுங்க."

அதை மாத்தையாவுக்குச் சிங்களத்தில் சொன்னேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் வாயோரம் அசைந்தது.

சட்டத்தரணி கடைசி ஆயுதத்தை எடுத்தார். "தவிரவும், இது பாலத்துக்குப் பக்கம். உயரமான செடி, தண்ணீர். சந்தேகத்துக்குரிய ஆட்கள் ஒளிந்திருக்க வசதியான இடம்."

அங்கே சேற்றில் நின்றவர்களில் அந்தக் காலத்துக் கணக்கில் சந்தேகத்துக்குரியவர்கள், அதாவது தமிழர்கள், மூன்று பேர்: நான், முத்தம்மா, சட்டத்தரணியின் கட்சிக்காரரான ஏகாம்பரம். மூவரும் ஒன்றாகத் திரும்பி அவரைப் பார்த்தோம். அவர் இருமிவிட்டுப் பேச்சை முடித்துக்கொண்டார்.

நான் துளைப்பானைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஏகாம்பரம் பக்கத்தில் வந்தார். குரலில் கோபம் இல்லை.

"தம்பி, எங்கட சனம் ஒரு அறைக்குள்ள ஒரு குடும்பமெண்டு கிடக்குது. உமக்குத் தெரியாததே? நீர் கீரைக்கு இடம் பாக்கிறீர்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. செங்கல்லில் நிற்கும் என் கட்டிலே அதற்குச் சாட்சி. வயலை நிரப்பினால் இன்னும் எத்தனை கட்டிலுக்குச் செங்கல் தேட வேண்டும் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபின் துளைப்பானைக் கழுவத் திரும்பினேன்.

தேநீர் முடிந்தது. மாத்தையா வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "களி மேல்வரை இருக்கிறது. நிலம் உயிரோடு இருக்கிறது. ஆனால் சட்டம் எனக்குத் தந்த கண்ணுக்கு நெல் மட்டும்தான் தெரியும். கீரை தெரியாது. இன்று இங்கே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பெரும்போக மழைக்குப் பிறகு மறுபடி வருவேன். அப்போது நிற்பதை எழுதுவேன்."

ஜீப்பில் ஏறியதும் என்னிடம் கேட்டார். "இந்தப் பகுதிக்குப் போதனாசிரியர் யார்?"

"நான்தான்."

"பயிர் செய்பவர் ஒருவர் நெல் விதைக்க உதவி கேட்டால் உங்கள் கடமை என்ன?"

"உதவி செய்வது."

"நான் ஒன்றும் சொல்லவில்லை. ஹரித?"

முத்தம்மாவிடம் போய் நெல் விதைப்போம் என்றேன். அவர் இடுப்பில் கையை வைத்தார்.

"சார், நான் தேயிலை பறிச்சவ. நெல்ல சாக்குலதான் பாத்திருக்கேன். உங்களுக்குத் தெரியுமில்ல?"

தெரியும் என்றேன். வெங்காயக்காரன் சொல்லக்கூடிய துணிச்சலான பொய் அது. வன்னியில் கண்டதையும் புத்தகத்தில் படித்ததையும் சேர்த்து எண்ணிப் பார்த்தபோது, எப்படியோ ஒரு வயல் அளவுக்கு வந்தது.

கீரைப் பாத்திகளைக் கரையோரத்துக்கு ஒதுக்கிவிட்டு நடுவை உழ வேண்டும். முதலில் கை உழவு இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். அது முதல் மூலையிலேயே இயந்திரத்தின் கழுத்துவரை அமிழ்ந்தது. அந்த மண் அவ்வளவு ஆழம். பொழுதுபடும்வரை எல்லோரும் கயிறு கட்டி இழுத்து வெளியே எடுத்தோம். சொந்தக்காரர் அதைக் குளிப்பாட்டிக் கூட்டிக்கொண்டு போனவர்தான், திரும்பி எங்கள் பக்கம் பார்க்கவில்லை. எருமைக்குத்தான் இந்தச் சேறு வசப்படும் என்று குணதிலக்க மாத்தையா யாரிடமும் சொல்வது போலல்லாமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

நகரத்துக்கு வெளியே, பிலியந்தலைக்கு அப்பால் ஒரு பெரியவரிடம் ஒரு சோடி எருமை கிடைத்தது. கலப்பையும் தந்தார். அவருக்கு முழங்கால் வலி, கூட வரமுடியாது. லொறிக்காரன் ஏற்றி இறக்குவான், பிறகு உங்கள் பாடு என்றார். கந்தோருக்கும் போகவேண்டிய நாள் என்பதால் நான் வெள்ளைச் சட்டையும் கழுத்தில் கட்டிய ரையுமாக லொறியின் முன்னால் ஏறிக்கொண்டேன்.

கிருலப்பனைப் பாலத்தடியில் லொறியை மறித்தார்கள். எனக்குப் பழக்கமில்லாத ஒரு புதிய சிப்பாய்.

"உள்ளே யார்?"

"எருமை."

"எல்லோரும் இறங்க வேண்டும்."

"எருமைக்கு அடையாள அட்டை இல்லை" என்றான் லொறிக்காரன். அப்படிப்பட்ட பகிடிக்கு அது இடமல்ல. எருமைகளை இறக்கி, அடியிலிருந்த வைக்கோல் முழுவதையும் வெளியே எடுத்துக் குத்திப் பார்க்கும்படி உத்தரவு வந்தது. பாலத்தடி மண்மேட்டோடு லொறியை ஒட்டி நிறுத்தி இறக்கினோம். வைக்கோலில் வைக்கோல்தான் இருந்தது. திரும்ப ஏறச் சொன்னபோது எருமைகள் மறுத்துவிட்டன. தள்ளினோம், இழுத்தோம். பெரியது பாலத்தின் நடுவில் போய்ப் படுத்துக்கொண்டது. பின்னால் பஸ்கள் ஹோன் அடித்தன. பஸ்ஸிலிருந்த சனமெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியது.

கோப்ரல் பண்டார காவலரணுக்குள்ளிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். முதலில் என்னைப் பார்த்தார். பிறகு என் ரையை. பிறகு எருமையை.

"இன்று சேறு பார்க்க இவர்களையும் கூட்டி வந்தீர்களா?"

நடந்ததைச் சொன்னேன். நெல் விதைக்க உழப்போகிறோம் என்றதும் அவர் முகம் மாறியது. "இங்கேயா? கொழும்பிலா?" என்று கேட்டார். பிறகு எருமையின் காதருகே குனிந்து, நாக்கை மடித்து ஒரு விதமான சத்தம் கொடுத்தார். அது எழும்பி நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"நான் பொலன்னறுவை" என்றார், நெல் விளையும் அந்த ஊரின் பெயரே விளக்கம் என்பது போல.

இனி நடத்தித்தான் கொண்டுபோக வேண்டும். பரபரப்பான பாலத்தடியில் தமிழன் ஒருவன் இரண்டு எருமையோடு தனியே நடப்பது சரிவராது என்று கோப்ரல் தீர்மானித்தார். முன்னால் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய், பின்னால் ஒரு சிப்பாய், நடுவில் எருமைகளும் ரை கட்டிய நானும், கடைசியில் கலப்பையைத் தோளில் சுமந்தபடி கோப்ரல். வழியில் நின்ற சனம், எருமையைக் கைது செய்கிறார்களா, என்னைக் கைது செய்கிறார்களா என்று தெரியாமல் ஒதுங்கியது.

வயலில் முத்தம்மாவும் மற்றவர்களும் துப்பாக்கிகளைக் கண்டு எழுந்து நின்றார்கள். "பயப்படாதீங்க, உழ வந்திருக்கினம்" என்றேன். அதைச் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது.

கலப்பையைப் பூட்டி நான் பிடித்தேன். எருமைகள் என்னை ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தின. கோடு கோணல்மாணலாக, நண்டு போன வழி போல இருந்தது. கோப்ரல் கரையில் நின்று தாங்கமுடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் துப்பாக்கியைப் பக்கத்துச் சிப்பாயிடம் கொடுத்தார். சப்பாத்தைக் கழற்றினார். தொப்பியை என் கையில் தந்தார்.

"தள்ளுங்கள், மாத்தையா. பார்க்கச் சகிக்கவில்லை."

அவர் உழுதார். பாட்டு ஒன்றை மெதுவாக முணுமுணுத்தபடி, நேர்கோடாக, மண்ணை இரண்டாகப் பிளந்துகொண்டு போனார். தூக்கம் போதாத அந்தக் கண்கள் முதன்முறையாக முழுதாகத் திறந்திருந்தன. கடைசித் திருப்பத்தில் நின்று, "அப்பா இப்போது வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார். தம்பியும் படையில்" என்று சொல்லிவிட்டு மறுபடி கலப்பையை அழுத்தினார். நான் அவருடைய தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முத்தம்மா சுடச்சுட ரொட்டியும் கங்குன் சுண்டலும் கொடுத்தார். மூன்று படைவீரர்களும் வரம்பில் குந்தியிருந்து சாப்பிட்டார்கள்.

"நல்லா சாப்பிடச் சொல்லுங்க சார்" என்றார் முத்தம்மா. "இது களைன்னு சொன்னாரே அந்த ஐயா, அவருக்கும் ஒரு வாய் குடுத்திருக்கணும்."

நெல் முளைத்தது. மழையும் சரியாக வந்தது. குணதிலக்க மாத்தையா வந்த நாளில் வயல் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக நின்றது. சட்டத்தரணி இம்முறை ரப்பர் செருப்போடு வந்தார். மாத்தையா தாழ்ந்த மூலையில் நின்று வழக்கமான கேள்விகளைக் கேட்டார். போக வழியில்லாவிட்டால் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகும் என்றதும், ஏகாம்பரத்தின் பொறியியலாளர் வரைபடத்தில் விரலால் கால்வாயைத் தொடர்ந்து போய், வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையில் நின்றார்.

"அங்கே யார் இருக்கிறார்கள்?"

பொறியியலாளருக்குத் தெரியவில்லை.

"என் மனைவி" என்றேன்.

மாத்தையா கருப்பட்டியைக் கடித்தார். அன்று எழுதிய முடிவில், நிலம் நெல் வயல், நிரப்ப முடியாது, பெரும்போகத்தில் நெல்லும் சிறுபோகத்தில் கீரையும் செய்ய அனுமதிக்கலாம் என்று இருந்தது. அதோடு நிற்காமல், வெள்ளவத்தையில் இறுகிய நிலத்தில் பழைய மோட்டார் கராஜ்கள் கிடக்கின்றனவே, ஏன் அங்கே தேடக்கூடாது என்று ஏகாம்பரத்திடம் கேட்டார். ஏகாம்பரம் முணுமுணுத்தார், ஆனால் தேடினார். பிற்காலத்தில் அங்கேதான் கட்டினார். தவமணியின் அண்ணன் எங்களுக்கு எடுத்துத் தந்தது இரண்டாம் மாடி. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். ஆனால் தரை காய்ந்திருந்தது.

அந்த முதல் நெல்லில் பெரும்பங்கு கொழும்புக் குருவிகளுக்குப் போயிற்று. இப்படி ஒரு பண்டம் இருப்பதை அவை அன்றுதான் கண்டுபிடித்தன போலும். மிஞ்சியதைக் குற்றி எல்லோரும் பிரித்துக்கொண்டார்கள். கோப்ரல் பண்டாரவுக்கென்று முத்தம்மா ஒரு பை கட்டி வைத்தார். நான் அதைக் கொண்டுபோனபோது காவலரணில் வேறொருவர் இருந்தார். கோப்ரலை வடக்கே சண்டை நடக்கும் பக்கம் மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். பிறகு அவரைப் பற்றி எந்தத் தகவலும் எனக்குக் கிடைக்கவில்லை. பையைத் திருப்பிக் கொண்டுவந்தேன். முத்தம்மா வாங்கி வைத்துக்கொண்டார்.

தவமணி நெடுநாளாக என்னோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. புது வீட்டுக்கு வந்த பின்னும், "நாலாம் மாடியெண்டால் காத்து வந்திருக்கும்" என்பாள். எருமைக் கதையை நான் விருந்தாளிகளுக்குச் சொல்லத் தொடங்கினால் எழுந்து குசினிக்குள் போய்விடுவாள்.

பிறகு ஒரு தடவை நகரில் எங்கோ குண்டு வெடித்து, கொழும்புக்குள் வரும் பாதைகளை எல்லாம் மூடினார்கள். மலைநாட்டிலிருந்தும் தம்புள்ளையிலிருந்தும் மரக்கறி லொறி ஒன்றும் வரவில்லை. வெள்ளவத்தைச் சந்தையில் தட்டுகள் வெறுமையாகக் கிடந்தன. வாடிய பூசணிக்காய்த் துண்டுக்குச் சண்டை. நானும் தவமணியும் பையோடு போனபோது வாசலில் மட்டும் ஒரு வரிசை நின்றது. வரிசையின் முன்னால் முத்தம்மாவின் கூடை. கால்வாய்க்கரையால் நடந்தே வந்திருக்கிறார். கங்குனும் வல்லாரையும் ஈரம் சொட்டச் சொட்ட இருந்தன.

முத்தம்மா என்னைக் கண்டு, "சார், முன்னுக்கு வாங்க" என்றார். நான் அசைவதற்குள் தவமணி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "எல்லாரோடயும் நிப்பம்" என்றாள்.

நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்ற பெண், புதிதாக ஊரிலிருந்து வந்தவர் போல, திரும்பித் தவமணியிடம் கேட்டார்.

"பாதையெல்லாம் பூட்டெண்டு சொல்லுகினம். இவவுக்கு மட்டும் எங்கயிருந்து அக்கா இவ்வளவு கீரை?"

"கிருலப்பனையிலயிருந்து" என்றாள் தவமணி. "அங்க எங்கட வயல் ஒண்டு இருக்குது."

"கொழும்பில உங்களுக்கு வயலும் இருக்கோ?"

"ஓம்" என்றாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்து, என்னை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இந்த மனிசன்தான் அதுக்கு எருமை கொண்டுபோனவர். கேளும், சொல்லுவார்."